பனிக்குகையில் பாதித் தடம்

அத்தியாயம் 4

"மேடம், போலீசுக்கு இன்னும் சொல்லலைங்க. முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்" என்றார் விஜயபாஸ்கர், டிஷ்யூவால் நெற்றியை ஒற்றியபடி.

"ரொம்பப் பெருமையா இருக்கு" என்றாள் ருக்கையா. "பனியில ஒரு ஆளைக் காணோம். நீங்க இன்ஷூரன்சைத்தான் முதல்ல தேடியிருக்கீங்க."

விஜயபாஸ்கர் 'ஜபல் தல்ஜ்' பனிப் பூங்காவின் மேனேஜர். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், நிஜமான மலையின் அடிவாரத்திலேயே ஒரு பிரம்மாண்டமான குளிர்சாதனக் கொட்டகையைக் கட்டி, அதற்குள் ஒரு பொய் மலையை எழுப்பி, அதன் மேல் நிஜப் பனியைத் தூவி வைத்திருந்தார்கள். வெளியே ஜனவரி மாத இதமான வெயில். உள்ளே உறைநிலைக்கும் கீழே. கால் புதையாமலிருக்க பூட்சுக்கு அடியில் ஸ்னோ ஷூ என்ற அகலத் தட்டைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டியின் பின்னால் வரிசையாக மலையேறுவதுதான் இங்கே விசேஷம்.

அந்த வரிசையில்தான் இன்று மதியம் ஓர் ஆள் குறைந்துவிட்டது.

ருக்கையா கீழக்கரைக்காரி. ஐம்பதை நெருங்கும் வயது. தொலைந்தது உண்மையிலேயே தொலைந்ததுதானா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அவளுக்குச் சம்பளம் தந்தன. ஏமாற்ற நினைத்தவர்கள் சாபம் தந்தார்கள். அவளுடைய காரை ஓட்டுவது, பிளாஸ்க்கைத் தூக்குவது, கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வது, மூன்றும் பாலமுரளியின் பொறுப்பு. நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அவளை 'ராத்தா' என்பான். அக்கா என்று அர்த்தம்.

"ராத்தா, ஏசி கூடிப்போச்சின்னு ஆளுக வெளிய ஓடுவாங்க. காணாமப் போறது இதுதான் முதல் தடவை" என்றான் இப்போது.

"முரளி, கொஞ்சம் சும்மா இரு."

அறையின் மூலையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பூங்காவின் நீல ஜாக்கெட்டில் நின்றாள். சங்கீதா, வழிகாட்டி. அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்திருந்தாள். இன்னொருத்தி சோபாவில் உட்கார்ந்து, ஒரு ஜோடி ஆண் செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தியா, காணாமல் போனவரின் மனைவி.

"என்ர மனுசன்ர செருப்பு" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. "செருப்பு வைக்கிற ராக்கையில அப்பிடியே கிடந்தது. போன் லொக்கருக்குள்ள கிடக்கு. ஆள் மட்டும் இல்லை. சுஜந்தன் எண்டு பேர். இங்க செராமிக் கொம்பனியில கணக்குப் பிரிவுக்குப் பெரியவர்."

"நீங்க கூட ஏறலையா?"

"எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. கீழ இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்தனான்."

ருக்கையா சங்கீதா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

"அவருதான் மேடம் வரிசையில கடைசி. குகை வளைவு வரைக்கும் இருந்தாரு. உச்சிக்குப் போயி எண்ணிப் பாக்குறேன், ஒருத்தர் இல்ல. உடனே எறங்கி வந்தேன். அவர் தடம் பாதையை விட்டு வெலகி குகைக்குள்ள போயிருக்கு. உள்ள டார்ச் அடிச்சிப் பாத்தேன், வெறுங்குகை."

"வெளிய போயிருக்கலாமே?"

"வாசல்ல கேமரா இருக்குங்க" என்றார் விஜயபாஸ்கர். "அவர் வெளிய வரவே இல்லை. ஆனா குகைப் பக்கம் கேமரா மாஃபி, கிடையவே கிடையாது. மலை பூராத் தேடியாச்சு. முதலாளி போன்ல கத்தறாரு. சாயங்கால ஷோவுக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா போலீஸ். அதோட இந்தப் பொண்ணோட டூட்டியும் கலாஸ். நாளைக்கே விசாவைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாரு."

சங்கீதா கடித்திருந்த உதட்டை இன்னும் கடித்தாள். பாலமுரளி ஓசையில்லாமல் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ருக்கையா சந்தியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னொண்ணு கேக்கணும். வீட்ல எதுவும் பிரச்சினையா?"

சந்தியா செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு மாதமா ஆள் சரியில்லை. போன் வந்தா பல்கனிக்குப் போயிடுவார். போன கிழமை கார் டிக்கியில ஒரு பொம்மை பாத்தனான். மஞ்சள் சட்டை போட்ட பொம்மை. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை அக்கா. அப்ப அது ஆருடைய பிள்ளைக்கு?"

ருக்கையா எழுந்து, குகையைக் காட்டும்படி சங்கீதாவுக்குச் சைகை செய்தாள்.

மலைக்குள் நுழைந்ததும் குளிர் மூக்கு நுனியைப் பிடித்துக் கிள்ளியது. சங்கீதா முன்னே நடந்தாள். ஸ்னோ ஷூ கட்டிய கால்களை அகட்டி வைத்து ருக்கையா பின்தொடர்ந்தாள்.

"வாத்து மாதிரி நடங்க ராத்தா. வெக்கப்பட்டா விழுந்திருவீங்க."

"நீ முன்னால பாத்து நட."

பாதையின் முதல் திருப்பத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கரடி எதிர்ப்பட்டது. பூங்காவின் செல்லக் கரடி. துணியும் பஞ்சும் போர்த்திய மனிதக் கரடிதான். நாலைந்து குழந்தைகள் அதன் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. 'ஹக், ஹக்!' என்று அவை கூச்சலிட்டுப் பாலமுரளியைத் தள்ளிவிட, கரடி வேறு வழியில்லாமல் அவனைக் கட்டிக்கொண்டது. பிறகு குழந்தைகள் அதை மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டன.

பாலமுரளி மார்பைத் தடவிக்கொண்டான். "சார், இந்தக் கரடிக்குச் சாப்பாடே போடுறதில்லையா? நெஞ்சு பலகை மாதிரி குத்துது."

"ஐயப்பனா? அவனுக்கு இருக்கற தொப்பைக்குப் பஞ்சே தேவையில்லைங்க" என்றார் விஜயபாஸ்கர்.

ருக்கையா ஒரு கணம் நின்று, கரடி போன திசையைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

குகை என்பது சிமெண்டில் செய்த ஒரு பாறைப் பொந்து. நாலு ஆள் நிற்கலாம். வாசலில் நின்றாலே பின்சுவர் தெரியும். சங்கீதா அதன் முன்னால் அகலமாகக் கயிறு கட்டி, யாரும் மிதிக்காமல் தடுத்து வைத்திருந்தாள்.

"இதை எப்பக் கட்டினே?"

"ஆளக் காணோம்னு தெரிஞ்ச ஒடனே. தடம் அழிஞ்சிட்டா அப்பறம் பேசுறதுக்கு என்ன மேடம் இருக்கு? நான் கூட அந்த ஓரத்துப் பாறை மேல நின்னுதான் உள்ள பாத்தேன்."

"நல்ல காரியம் பண்ணினே."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பனி பளிச்சென்று கிடந்தது. பாதையிலிருந்து விலகிய ஒரு ஜோடி ஸ்னோ ஷூத் தடம், தெளிவாக, குகைக்குள் போயிருந்தது. திரும்பி வரவில்லை. மற்றபடி கரடியின் வட்ட வட்டப் பாதத் தடங்கள்தான். அவை மலை முழுக்கவே இருந்தன.

பாலமுரளி விரலைச் சொடுக்கினான். "புடிச்சிட்டேன்! அவர் குகைக்குள்ள போகவே இல்ல. குகைக்குள்ள இருந்து பின்பக்கமா நடந்து வந்திருக்காரு. அதனாலதான் உள்ள போன மாதிரித் தெரியுது."

"அப்படின்னா உள்ள எப்படிப் போனாரு?"

"அது... ரெண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினையை முதல்ல முடிப்போமே."

"சரி. பின்னால நடந்து காட்டு."

பாலமுரளி கம்பீரமாகத் திரும்பி, பின்னால் ஓர் அடி வைத்தான். ஸ்னோ ஷூவின் வால் பனியில் குத்தியது. அடுத்த அடியை எடுப்பதற்குள் கைகளை விரித்து, மல்லாந்து, பொத்தென்று விழுந்தான். சங்கீதா மதியத்திலிருந்து முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள்.

"குதிகால் பக்கம் கட்டே இல்லங்க அதுல. பின்னால நடந்தா வால் குத்தி விழுந்திடும்" என்று கை கொடுத்துத் தூக்கினாள்.

"சிரிச்சீங்க இல்ல? விழுந்ததுக்குப் பலன் கெடச்சிருச்சி" என்றான் அவன், பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு.

ருக்கையா இதையெல்லாம் கவனிக்கவில்லை. கயிற்றுக்கு இப்பால் குனிந்து நின்று தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கீதா, இங்க புதுப் பனி எப்பத் தூவுவீங்க?"

"காலையில, தொறக்கறதுக்கு முன்னாடி. பழைய தடம் எல்லாம் மூடிரும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்பறம் ராத்திரி பூட்டுன பெறகுதான்."

"அப்ப இங்க தெரியிறது எல்லாம் இன்னைக்கு நடந்தது." அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு குறும்பு வந்திருந்தது. "விஜயபாஸ்கர் சார், உங்க கேண்டீன் எங்க இருக்கு?"

"மேடம், ஆள் பனியில உறைஞ்சுக்கிட்டு இருக்கான்..."

"அந்த ஆளுக்கு இந்நேரம் வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்கும். கேண்டீன் எங்கே?"

பணியாளர் கேண்டீன் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. சந்தியாவும் கூடவே வந்தாள். 'என்னை விட்டுட்டுப் போகாதேங்கோ' என்று அவள் சொன்ன விதத்தில் மறுக்க முடியவில்லை.

கடைசி மேஜையில் தொப்பை பெருத்த ஓர் ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எதிரே சால்னா ஆறிக் கிடந்தது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. சுவரில் இருந்த டிவியில் மலையின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளைக் கரடி குழந்தைகளோடு ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயப்பன்!" விஜயபாஸ்கரின் குரல் உடைந்தது.

ஐயப்பன் திரும்பினார். முகம் பரோட்டா மாவாக வெளுத்தது.

பாலமுரளி அவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, நீங்க இங்க பரோட்டா திங்கிறீங்க. அங்க டான்சும் ஆடுறீங்க. எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன், ராத்தாக்கிட்ட ரெண்டு லீவு சேத்து எடுத்துக்குவேன்."

"ராத்தா, ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சி?" என்று 'மேடம்' மறந்து சங்கீதாவும் அவனைப் போலவே கேட்டுவிட்டாள்.

ருக்கையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குகைக்குள்ள மனுஷத் தடம் போயிருக்கு, வெளிய வரல. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கரடித் தடம்தான் மலை பூரா இருக்கே, அதை யாரு பாப்பாங்க? குகையில இருந்து ஒரு கரடி வெளிய வந்திருக்கு. ஆனா எந்தக் கரடியும் உள்ள போகல. போகாத கரடி எப்படி வெளிய வரும்?"

விஜயபாஸ்கர் மெதுவாக உட்கார்ந்தார்.

"காலையில பனி தூவுறதுக்கு முன்னாடியே கரடி வேஷம் குகைக்குள்ள போயிருக்கணும். மனுஷனா உள்ள போனவரு அதை மாட்டிக்கிட்டுக் கரடியா வெளிய வந்துட்டாரு. கால்ல கட்டியிருந்த ஸ்னோ ஷூவைக் கழட்டி எங்க வைப்பாரு? அங்கேயே போட்டுட்டு வந்தா கண்டுபிடிச்சிருவாங்க. அதனால வேஷத்துக்குள்ள, நெஞ்சோட வச்சுக்கிட்டாரு."

"என் நெஞ்சில குத்துன பலகை!" என்றான் பாலமுரளி.

ஐயப்பன் எழுந்து நின்று கைகளைக் கூப்பினார். நாகர்கோவில்காரர். "நேத்தே வந்து, ஒரு அர மணிக்கூறுதாங்க கேட்டாரு மேடம். நடை முடியிறதுக்குள்ள திரும்பிருவேன்னாரு. எதுக்குன்னு சொல்லல. அவ்வளவு பெரிய ஆபீசர் எம் முன்னால நின்னு அழுதாரு. நான் என்ன செய்ய? தேடுதாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு வாயும் எறங்கல. வேஷம் இல்லாம உள்ள போனா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்லா."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டோமே! மைக்ல கூட!"

"கரடித் தலைக்குள்ள காத்துக்கு ஒரு ஃபேன் உண்டு சார். அது ஓடுனா இடி விழுந்தாலும் கேக்காது."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்தியா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் கரடி, சிவப்புச் சால்வை போட்ட ஒரு பெண்ணின் முன்னால் நின்றது. பஞ்சுக் கையைத் தூக்கி அவள் தலையைத் தடவியது. மெதுவாக, இரண்டு தடவை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்ற சிறுமியின் கையில் ஒரு பொம்மை இருந்தது. மஞ்சள் சட்டை.

"அந்தப் பொம்மை!" சந்தியா மடியிலிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க நடக்குது இது? எங்க?"

"மேல, இக்ளூ ஹால்ல. பொறந்தநாள் பார்ட்டி" என்றாள் சங்கீதா பயந்துபோய்.

"குளிர் ஒத்துக்காதுன்னீங்களே?" என்றான் பாலமுரளி.

"இப்ப ஒத்துக்கொள்ளும்!"

குறுக்குப் படியில் எல்லோரும் ஏறினார்கள். முதலில் செருப்போடு சந்தியா. கடைசியில் தொப்பையோடு ஐயப்பன். நடுவில் பாலமுரளி மூச்சு வாங்கினான்.

"ராத்தா, இது இன்ஷூரன்ஸ்ல கவர் ஆகுமா?"

"எது?"

"செருப்படி."

"பஞ்சு மேல விழுந்தா ஆகாது. யல்லா, ஏறு."

இக்ளூ ஹால் பனிக்கட்டி போலச் செய்த ஒரு கூடாரம். பலூன்கள், கேக், கூச்சல். நடுவில் கரடி. சந்தியா நேராகப் போய் அதன் முதுகில் செருப்பால் ஒரு போடு போட்டாள். 'டப்' என்று மெத்தையைத் தட்டிய சத்தம்தான் வந்தது. குழந்தைகள் அதை வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டின.

"சுஜந்தன்! கழட்டுங்கோ தலையை! ஆர் இவள்?"

இந்த முறை அவள் கத்தியது ஃபேனையும் தாண்டி உள்ளே போய்விட்டது. கரடி விறைத்து நின்றது. தலைக்குள் ஓடிய ஃபேனின் சத்தம் அடங்கியது.

சிவப்புச் சால்வைப் பெண் திரும்பினாள். சந்தியாவைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கேக் கத்தி மேஜையில் விழுந்தது.

"அண்ணி?"

சந்தியாவின் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "க... கஜந்தி?"

"அண்ணி, நீங்கள் எப்பிடி... என்ன பேர் சொன்னனீங்கள் இப்ப?"

ருக்கையா பாலமுரளியின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள். "ஆளு என் கணக்குல சரிதான். கதைதான் வேற" என்றாள் தணிந்த குரலில்.

"ஆரு ராத்தா இது?"

"அண்ணின்னு கூப்பிடுறா. தங்கச்சி."

சந்தியா அவர்கள் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் வடிந்து, குரல் தடுமாறியது. "இவரின்ர ஒரே தங்கச்சி. அஞ்சு வருசத்துக்கு முதல் இவர் பாத்த மாப்பிள்ளையை வேண்டாமெண்டு, குவைத்தில கூட வேலை செய்த பெடியனைக் கட்டினவள். அண்டைக்கு இவர் போனில சொன்னவர், 'இனி என்ர முகத்தை நீ பாக்க மாட்டாய்' எண்டு. ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ எண்டு நானும் கெஞ்சாத நாளில்லை. கல்லு மாதிரி இருந்தார்."

"நாங்கள் குவைத் மங்காஃபில இருந்து இங்க வந்து ரெண்டு மாதம்தான்" என்றாள் கஜந்தி. கண்கள் கரடியை விட்டு நகரவில்லை. "அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னனான். இண்டைக்கு இங்க பிறந்தநாள் எண்டும்."

கரடி இரண்டு அடி பின்வாங்கியது. ஓடத்தான் பார்த்தது. ஆனால் இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு குழந்தை தொங்கியது. அதனால்தான் அதற்குக் குறித்த நேரத்தில் குகைக்குத் திரும்ப முடியவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

"அண்ணா?" என்றாள் கஜந்தி.

கரடியின் வாய்க்குள்ளிருந்து, பஞ்சில் பொதிந்த குரல் ஒன்று வந்தது. "நான் சொன்னது சொன்னதுதான்."

கரடி குனிந்து, காலில் தொங்கிய குழந்தையின் தலையில் கையை வைத்தபடி தொடர்ந்தது.

"என்ர முகத்தை நீ பாக்க மாட்டாய் எண்டு சொன்னனான். சொன்ன சொல்லை எப்பிடி மாத்திறது எண்டு எனக்குத் தெரியேல்லை கஜி. ஆனா அம்மா போனில சொன்னதில இருந்து பிள்ளையைப் பாக்க வேணும் போல இருந்தது. உன்னையும். அதுதான்... முகம் இல்லாமல் வந்தனான்."

விஜயபாஸ்கர் டிஷ்யூவை எடுத்து, இந்த முறை நெற்றிக்குப் பதில் கண்ணை ஒற்றினார். அவருடைய இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூம் கரகரத்தது. ருக்கையா அதை உருவிக்கொண்டாள்.

"உங்க கெஸ்ட் கிடைச்சிட்டாரு சார், முழுசா இருக்காரு" என்று அதில் சொன்னாள். "வழிகாட்டி மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பொண்ணு கயிறு கட்டி வைக்கலைன்னா நான் வெறுங்கையோட போயிருப்பேன். ரிப்போர்ட்ல அப்படியேதான் எழுதுவேன். முதலாளிக்கிட்ட சொல்லிடுங்க."

சங்கீதா ஜாக்கெட் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாலமுரளி அவளுக்கு பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான், ராத்தாவுக்கு ஊற்ற மறந்து.

கஜந்தி கண்களைத் துடைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"சரி" என்றாள். "நீங்கள் சொல்லு மாற வேண்டாம். நான் அங்கால திரும்பி நிக்கிறன். தலையைக் கழட்டிப்போட்டு மூச்சு விடுங்கோ. நான் பாக்க மாட்டன்."

சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கரடி வெகுநேரம் தயங்கியது. சந்தியா செருப்பைக் கீழே போட்டுவிட்டு, பின்னால் போய்க் கழுத்துப் பட்டையைப் பிரித்துவிட்டாள். பெரிய வெள்ளைத் தலை மெல்ல மேலே எழும்பியது. உள்ளே, வியர்வையில் நனைந்து, மூக்குக்கண்ணாடி கோணி, அழுது சிவந்த ஒரு மனிதர். நெஞ்சுப் பக்கமிருந்து ஸ்னோ ஷூ ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

மஞ்சள் பொம்மையை அணைத்திருந்த சிறுமி வாயைப் பிளந்தாள். பிறகு ஓடிப்போய் அம்மாவின் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"மம்மி, லுக்! கரடிக்குள்ள ஒரு அங்கிள்!"

கஜந்தியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"அங்கிள் இல்லைக் குஞ்சு, மாமா" என்றபடி அவள் திரும்பினாள்.